வண்டி நம்பர் கையில் இருக்கிறது, ஸ்டேஷனுக்குப் போகக் கால் வரவில்லை

மதகடி:

வணக்கம். யாரிடம் கேட்பது என்று தெரியாமல் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பன்னிரண்டு நாளைக்கு முன்னால் ராத்திரி ஒன்பது மணி சுமாருக்கு, கும்பகோணத்தில் வேலை முடித்துவிட்டு ஸ்கூட்டியில் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தேன். தஞ்சாவூர் ரோட்டில் எனக்கு முன்னால் ஒருவர் மொபெட்டில் மெதுவாக, ஓரமாகத்தான் போய்க்கொண்டிருந்தார். பின்னாலிருந்து வேகமாக வந்த ஒரு வெள்ளைக் கார் என்னைத் தாண்டிப் போய் அவரைத் தட்டிவிட்டது. ஒரு நொடி பிரேக் லைட் எரிந்தது, நிறுத்தப் போகிறான் என்று நினைத்தேன், அப்படியே கிளம்பிப் போய்விட்டான். கீழே கிடந்தவருக்கு ஐம்பது வயது இருக்கும். டிபன் கேரியர் திறந்துகொண்டு தயிர்சாதம் ரோட்டில் சிதறிக் கிடந்தது, காதோரம் ரத்தம், ஒரு காலில் மட்டும் செருப்பு. "வண்டியை ஓரமா விடுங்க" என்று ஒரு தடவை சொன்னார். அதற்குப் பிறகு பேசவில்லை.

108-க்கு நான்தான் போன் பண்ணினேன். எந்த ஊர், பக்கத்தில் கோயில், பெட்ரோல் பங்க் ஏதாவது இருக்கிறதா, அவருக்கு மூச்சு இருக்கிறதா, யாரும் தூக்காதீர்கள் என்று அந்தப் பெண் நிதானமாகக் கேட்டுக் கேட்டுச் சொன்னார். கால் மணி நேரத்தில் வண்டி வந்துவிட்டது. கழுத்துக்குப் பட்டை போட்டு, பலகையில் வைத்து ஏற்றிப் போனார்கள். அதுவரை கூட்டத்தில் ஒருவர்கூடத் தயங்கவில்லை. ஒரு பையன் செல்போன் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு நின்றான், இன்னொருத்தர் துண்டைக் கொடுத்தார். ஆம்புலன்ஸ் போனதும் யாரோ "போலீசுக்குச் சொல்லணுமே" என்றார்கள். அத்தனை பேர் கையிலும் போன் இருந்தது, ஒருவரும் எடுக்கவில்லை. டார்ச் பிடித்த பையன் என்னிடம் வந்து, "அக்கா, நீங்க கிளம்புங்க, பேர் எழுதிக்கிட்டா கோர்ட்டுக்கு அலைய விட்டுடுவாங்க" என்றான். நான் கிளம்பி வந்துவிட்டேன்.

இதில் ஒரு விஷயத்தை நான் யாரிடமும் சொல்லவில்லை. அந்தக் காரின் நம்பரில் கடைசி நாலு எண் எனக்குத் தெரியும். வீட்டுக்கு வந்ததும் பால் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் எழுதி வைத்தேன்.

எனக்கு ஏன் கால் வரவில்லை என்றும் சொல்லிவிடுகிறேன். 2011-இல் அம்மா கழுத்துச் செயினை பைக்கில் வந்த இரண்டு பேர் பறித்துக்கொண்டு போனார்கள். கழுத்தில் கீறல், ஜாக்கெட்டில் ரத்தக் கறை, அதோடுதான் அப்பா அவரை ஸ்டேஷனுக்குக் கூட்டிப் போனார். இரண்டரை மணி நேரம் நிற்க வைத்தார்கள். வெள்ளைப் பேப்பர், கார்பன் வாங்கி வரச் சொன்னார்கள். கடைசியில் புகார்களை எழுதும் ஸ்டேஷன் ரைட்டர், "பறிச்சுட்டுப் போனான்னு எழுதினா கேஸ், கோர்ட்டுன்னு நீங்கதான் அலையணும், தவறி விழுந்துடுச்சுன்னு எழுதிக் குடுங்க, தேடிப் பாக்கிறோம்" என்றார். அம்மா அழுதுகொண்டே அப்படியே எழுதிக் கொடுத்தார். மூன்று பவுன் போனதைவிட, தன் கையால் பொய் எழுத வைத்துவிட்டார்கள் என்பதைத்தான் அம்மா இன்றும் சொல்கிறார். ஸ்டேஷன் படியும் கோர்ட் படியும் மிதிக்காமல் காலத்தை ஓட்டிவிட வேண்டும் என்பது எங்கள் வீட்டில் அன்றிலிருந்து சட்டம் மாதிரி ஆகிவிட்டது.

இப்போது நான் போக வேண்டுமா? போனால் என்ன நடக்கும்? 108-ஐ நம்புகிற நமக்கு 100-ஐ மட்டும் ஏன் நம்ப முடியவில்லை? போய் வந்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.

---

வெயிலோன்:

அக்கா, கோபித்துக்கொள்ளாதீர்கள், நான் போக வேண்டாம் என்றுதான் சொல்வேன். என் மாமா ஒரு அடிதடியில் சாட்சி சொல்லப் போய் நாலு வருஷம் அலைந்தார். சம்மன் வரும், போவார், ஜட்ஜ் லீவு, இல்லை எதிர்த்தரப்பு வக்கீல் வாய்தா கேட்பார். ஒவ்வொரு தடவையும் ஒரு நாள் கூலி போகும், பஸ் காசு போகும். கடைசியில் கேஸில் இருந்த இரண்டு பேரும் சமாதானமாகிவிட்டார்கள், என் மாமா மட்டும் ஊரில் இரண்டு பக்கமும் பகையாளி ஆனார்.

அதுவாவது அலைச்சல். 2020-இல் சாத்தான்குளத்தில் என்ன நடந்தது என்று நம் எல்லாருக்கும் தெரியும். ஊரடங்கில் கடையை மூடும் நேரம் பற்றிய தகராறு, அவ்வளவுதான். ஜெயராஜும் அவர் மகன் பென்னிக்ஸும் அதற்காக ஜூன் 19-ஆம் தேதி பிடிபட்டு நாலு நாளைக்குள் இரண்டு பேரும் இறந்துபோனார்கள். சரி, அதோடு திருந்தியிருப்பார்கள் என்று பார்த்தால், 2025 ஜூனில் மடப்புரம் கோயில் காவலாளி அஜித்குமார் போலீஸ் விசாரணையில் செத்துப்போனார். 27 வயசு. நகை காணவில்லை என்று ஒருவர் வாயால் சொன்ன புகார். எஃப்.ஐ.ஆர். இல்லாமல் தனிப்படை எப்படி விசாரித்தது என்று ஐகோர்ட் மதுரைக் கிளையே கேட்டது. முதலமைச்சர் அந்த அம்மாவுக்குப் போன் பண்ணி மன்னிப்புக் கேட்டார். மன்னிப்பைக் கேட்டுக்கொண்டு அந்தத் தாய் என்ன செய்வார்?

இதையெல்லாம் பார்த்த பிறகும் "போங்க, பயப்படாதீங்க" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

---

பழைய ஏட்டு:

மதகடி அம்மா, நான் ஓய்வு பெற்ற ஏட்டு. 1984-இல் இரண்டாம் நிலைக் காவலராகச் சேர்ந்து மூன்று மாவட்டங்களில் வேலை பார்த்தவன், அதில் ஆறு வருஷம் ரைட்டர். அதனால் உங்கள் அம்மா கதையைப் படித்ததும் எனக்கு நெஞ்சு சுருக்கென்றது. ஏனென்றால் "தவறி விழுந்தது" என்று நானும் எழுத வைத்திருக்கிறேன். ஒரு தடவை இல்லை, பல தடவை. இதை என் பெயர் தெரியாத இடத்தில் சொல்வதற்கே இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது.

ஏன் செய்தோம் என்று சொல்கிறேன், நியாயப்படுத்துவதற்காக இல்லை. மாதா மாதம் கிரைம் மீட்டிங் நடக்கும். போன மாதம் இந்த ஸ்டேஷனில் வழிப்பறி மூன்று, இந்த மாதம் ஏழு என்றால் இன்ஸ்பெக்டரை எழுப்பி நிற்க வைத்து எல்லார் முன்னாலும் கேட்பார்கள், மெமோ வரும். அந்தக் கோபம் அப்படியே படிப்படியாகக் கீழே இறங்கி ரைட்டர் மேஜைக்கு வரும். கேஸ் பதிவு செய்யாத ஸ்டேஷன் நல்ல ஸ்டேஷன், பதிவு செய்த ஸ்டேஷன் மோசமான ஸ்டேஷன் என்று கணக்குப் போட்டால் ரைட்டர் என்ன செய்வான்? செயின் தவறி விழுந்துவிடும், பைக் "காணாமல்" போய்விடும், கத்திக்குத்து சின்னக் காயம் ஆகிவிடும். சி.எஸ்.ஆர். என்கிற மனு ரசீது ஒன்றைக் கொடுத்து அனுப்பிவிட்டால் எஃப்.ஐ.ஆர். கணக்கில் ஏறாது. சில இடங்களில் அந்த ரசீதையும் தர மாட்டார்கள். 2013 நவம்பரில் லலிதா குமாரி வழக்கில் ஐந்து நீதிபதிகள் உட்கார்ந்து, கைது செய்யத்தக்க குற்றம் என்று புகாரில் தெரிந்தால் எஃப்.ஐ.ஆர். போட்டே ஆக வேண்டும் என்று சொன்னார்கள். அந்தத் தீர்ப்பின் சுற்றறிக்கையை நான் கோப்பில் ஒட்டியிருக்கிறேன். அடுத்த வாரமே பழையபடி நடந்ததையும் பார்த்திருக்கிறேன்.

பேப்பர் வாங்கி வரச் சொன்னது பற்றி. எங்களுக்கு வரும் பேப்பர் மாதம் பாதியிலேயே தீர்ந்துவிடும், மீதியை நாங்கள் கைக்காசில் வாங்கியிருக்கிறோம். அதற்காக ரத்தக் கறையோடு வந்த பெண்மணியைக் கடைக்கு அனுப்பியது தவறுதான். உட்காரச் சொல்லாததற்கு எந்தக் காரணமும் கிடையாது.

காலையில் ரோல் கால், அப்புறம் கோர்ட் டூட்டி, மத்தியானம் சம்மன் கொடுக்க அலைச்சல், சாயங்காலம் யாரோ வருகிறார்கள் என்று பந்தோபஸ்து, ராத்திரி ரோந்து. வாரத்தில் ஒரு நாள் ஓய்வு என்று 2021-இல்தான் அரசாணையே வந்தது. நான் வேலையில் இருந்தவரை என் பெண் பள்ளிக்கூட ஆண்டு விழாவுக்கு ஒரு தடவைகூடப் போனதில்லை. இப்படி இருக்கிறவன் ராத்திரி பதினொரு மணிக்கு வரும் மனுதாரரிடம் எரிந்து விழுகிறான். அடிப்பது வேறு. அதற்கும் வேலைப்பளுவுக்கும் சம்பந்தமே இல்லை. நம்மை யாரும் கேட்க மாட்டார்கள் என்ற தைரியத்தில் வருவது அது.

வெயிலோன் தம்பி சாத்தான்குளத்தைச் சொன்னார். அந்த ஸ்டேஷனுக்கு மாஜிஸ்திரேட் விசாரணைக்குப் போனபோது நடந்ததை அவரே ஐகோர்ட்டுக்கு அறிக்கையாக அனுப்பினார். காவலர்கள் அவரையே மரியாதைக்குறைவாகப் பேசினார்கள். சி.சி.டி.வி. ஹார்ட் டிஸ்கில் இடம் இருந்தும் அன்றன்றைய பதிவு தானாக அழிந்துபோகும்படி வைத்திருந்தார்கள். கடைசியில் ஸ்டேஷனையே வருவாய்த் துறை கையில் ஒப்படைக்கச் சொன்னது கோர்ட். என் சர்வீஸில் அப்படி ஒன்றை நான் கேள்விப்பட்டதே இல்லை. அதே ஸ்டேஷனில், வெளியே கூட வேலை பார்ப்பவர்கள் நின்றுகொண்டிருக்க, உள்ளே உட்கார்ந்து அந்த ராத்திரி பார்த்ததைச் சொன்னவர் ரேவதி என்ற பெண் தலைமைக் காவலர். அவரும் ஏட்டுதான். அவர் சொல்லாமல் இருந்திருந்தால் அந்தக் கேஸ் எங்கே போயிருக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும், ஏனென்றால் சொல்லாமல் விட்ட கேஸ்கள் எனக்குத் தெரியும்.

அம்மா, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். பெரிய ஆஸ்பத்திரியில் அந்த மனிதரைச் சேர்த்ததுமே ஆக்சிடென்ட் ரிஜிஸ்டரில் பதிந்து ஸ்டேஷனுக்குத் தகவல் போயிருக்கும். "அடையாளம் தெரியாத வாகனம்" என்று எஃப்.ஐ.ஆர். போட்டிருப்பார்கள். வழியில் பெட்ரோல் பங்க், கடைகளில் இருக்கும் கேமராப் பதிவு பல இடங்களில் பதினைந்து நாள், ஒரு மாதத்துக்கு மேல் நிற்காது. நீங்கள் எழுதி வைத்திருக்கும் நாலு எண்ணுக்கு இப்போது இருக்கும் மதிப்பு அடுத்த மாதம் இருக்காது. போங்கள்.

---

மதகடி:

ஏட்டையா, நீங்கள் எழுதியதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். இரண்டாவது பத்தியில் நிறுத்தச் சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு "அந்த ரைட்டருக்கும் இப்ப வயசாயிருக்கும்ல" என்றார். நன்றி.

பதினைந்து நாள் கணக்கு எனக்குத் தெரியாது. பயமாக இருக்கிறது, ஆனால் இப்போது வேறு மாதிரி பயம்.

---

கறுப்பு கவுன்:

வக்கீல். பெரும்பாலும் எம்.சி.ஓ.பி. கேஸ்கள் நடத்துகிறேன், அதாவது விபத்து இழப்பீடு. அதனால் முதலில் அந்த நாலு எண் எவ்வளவு பெறும் என்று சொல்லிவிடுகிறேன்.

இடித்துவிட்டுப் போன வண்டி கடைசி வரை தெரியவில்லை என்றால் அந்தக் குடும்பத்துக்கு அரசாங்கத் திட்டத்தில் கிடைப்பது, 2022 ஏப்ரல் முதல், பலத்த காயத்துக்கு 50,000 ரூபாய், உயிர் போனால் 2 லட்சம். அவ்வளவுதான். வண்டி தெரிந்தால் கதையே வேறு. இன்சூரன்ஸ் கம்பெனி மேல் தீர்ப்பாயத்தில் மனு போடலாம். அவருடைய வயது, வருமானம், ஊனத்தின் அளவு, வீட்டில் எத்தனை பேர் அவரை நம்பியிருக்கிறார்கள் என்பதையெல்லாம் கணக்கில் எடுப்பார்கள். விபத்து நடந்து ஆறு மாதத்துக்குள் மனு போட வேண்டும் என்று 2019 திருத்தம் சொல்கிறது. தலைக்காயம் பட்ட ஒருவருக்கு வீட்டில் வைத்துப் பார்க்கும் செலவு என்ன ஆகும் என்று என் கட்சிக்காரர்களிடம் தினமும் கேட்கிறேன். ஐம்பதாயிரம் எத்தனை மாதம் வரும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

அடுத்தது உங்கள் பயம். அந்தப் பையன் சொன்னது ஒரு காலத்தில் முழு உண்மை. விபத்தில் அடிபட்டவரைத் தூக்கியவரையே உட்கார வைத்து விசாரித்த காலம் இருந்தது. உதவ வந்தவர்களைக் காப்பாற்றும் வழிகாட்டு விதிகளுக்கு 2016-இல் உச்ச நீதிமன்றம் சட்டத்தின் பலம் கொடுத்தது. 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 134ஏ என்ற பிரிவே வந்தது, 2020-இல் அதற்கு விதிகளும் வந்தன. அதன்படி உதவி செய்தவர் பெயர், விலாசம் சொல்லும்படி யாரும் கட்டாயப்படுத்தக் கூடாது. விருப்பப்பட்டு சாட்சியாக இருந்தால், உங்களுக்கு வசதியான இடத்தில், உங்கள் வீட்டிலோ வேலை செய்யும் இடத்திலோ, உங்களுக்கு வசதியான நேரத்தில்தான் விசாரிக்க வேண்டும். அப்படி வரும்போது யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு வரக் கூடாது. ஒரே தடவையில் வாக்குமூலத்தை முடிக்க வேண்டும். பெண் சாட்சியை வீட்டில் வைத்துத்தான் விசாரிக்க வேண்டும், ஸ்டேஷனுக்கு வா என்று கூப்பிட முடியாது என்பது இதற்கு முன்னாலிருந்தே உள்ள பொதுவான சட்டம், இப்போதைய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்.ஸில் 179-ஆவது பிரிவு.

நீங்களாகவே போக விரும்பினால் தாராளமாகப் போகலாம். கையில் ஒரு கடிதம் எழுதி எடுத்துப் போங்கள், இரண்டு பிரதி. தேதி, நேரம், இடம், காரின் நிறம், எந்தப் பக்கம் போனது, நம்பர். தெரிந்ததை மட்டும் எழுதுங்கள், ஊகித்து எதையும் சேர்க்க வேண்டாம். ஒரு பிரதியில் ஸ்டேஷன் சீல், தேதி, கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். போலீஸ் எழுதும் சாட்சி வாக்குமூலத்தில் சாட்சி கையெழுத்துப் போடத் தேவையில்லை, வெற்றுத்தாளில் எக்காரணம் கொண்டும் போட வேண்டாம். வாங்க மறுத்தால் அதே கடிதத்தை எஸ்.பி. அலுவலகத்துக்கு ஸ்பீட் போஸ்டில், ஒப்புகை கேட்டு அனுப்புங்கள். அந்த ஒப்புகைச் சீட்டைப் பத்திரமாக வையுங்கள்.

கோர்ட் அலைச்சல் இல்லவே இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஒன்றிரண்டு தடவை வர வேண்டியிருக்கும், வாய்தாவும் போடுவார்கள். வெயிலோன் சொன்னது நடக்கிற விஷயம்தான்.

---

வாத்தியார்:

கல்லூரியில் வரலாறு எடுக்கிறேன். ஸ்டேஷன் படி மிதிக்கக் கூடாது என்ற பயம் எங்கிருந்து வந்தது என்று சொல்ல எனக்கும் ஒன்று இருக்கிறது.

1850-கள் வரை சென்னை மாகாணத்தில் வரி வசூல் பண்ணும் தாசில்தாரிடம்தான் போலீஸ் அதிகாரமும் இருந்தது. வரி கட்ட முடியாத குடியானவனைப் பிடித்து வருவதும் அதே ஆட்கள், அடிப்பதும் அவர்களே, புகார் கொடுக்க வேண்டியதும் அவர்களிடமே. 1854-இல் பிரிட்டிஷ் பாராளுமன்றம் வரை இது போய், மூன்று பேர் கொண்ட ஒரு விசாரணைக் குழுவை இங்கே நியமித்தார்கள். 1855-இல் வந்த அந்த அறிக்கையில் கிட்டி, அண்ணாந்தாள் என்ற தமிழ்ப் பெயர்களே வருகின்றன. கிட்டி என்பது இரண்டு கட்டைக்கு நடுவில் விரலை வைத்து நெரிப்பது. அண்ணாந்தாள், ஆளைக் குனிய வைத்துக் கட்டி வெயிலில் நிறுத்துவது. அந்த அறிக்கைக்குப் பிறகுதான் வருவாயையும் போலீஸையும் பிரித்து 1859-இல் மாவட்டப் போலீஸ் சட்டம் வந்தது. சாத்தான்குளம் ஸ்டேஷனை வருவாய்த் துறையிடம் கொடுக்கச் சொன்னார்கள் என்று ஏட்டையா எழுதியதைப் படித்தபோது எனக்கு உடனே இந்த ஞாபகம்தான் வந்தது.

வகுப்பில் இதைச் சொல்லும்போது பிள்ளைகள் கிட்டியைப் பற்றித்தான் கேட்பார்கள். நான் அவர்களுக்குக் காட்ட நினைப்பது வேறு. குழு விசாரிக்கிறது என்று தெரிந்ததும் பல மாவட்டங்களிலிருந்து மக்கள் நாள்கணக்கில் நடந்து சென்னைக்கு வந்தார்கள், வர முடியாதவர்கள் எழுதி அனுப்பினார்கள். தலைமுறை தலைமுறையாக அடி வாங்கிப் பயந்துபோன ஜனங்கள்தான். காது கொடுத்துக் கேட்க மூன்று பேர் இருக்கிறார்கள் என்றதும் வந்துவிட்டார்கள்.

---

அரூர்க்காரி:

எங்கள் ஊரிலிருந்து வாச்சாத்தி பக்கம்தான். நான் அப்போது சின்னப் பெண், அதனால் கேட்டதுதான் அதிகம், ஆனால் கேட்டதே போதும்.

1992 ஜூன் 20. சந்தனக் கட்டை தேடுகிறோம் என்று வனத்துறை, போலீஸ், வருவாய்த் துறை மூன்றும் சேர்ந்து அந்த மலையடிவாரக் கிராமத்துக்குள் போனது. வீடுகளை இடித்தார்கள், தானியத்தைக் கொட்டினார்கள், கிணற்றைக் கெடுத்தார்கள், ஆடு மாடுகளை விடவில்லை. 18 பெண்களைக் கெடுத்தார்கள். ஊரையே பிடித்துக்கொண்டு போய் அடைத்தார்கள். ஒரு ஊர் மக்கள் நம்பி இருக்க வேண்டிய அத்தனை அலுவலகமும் ஒரே நாளில் அவர்கள் மேல் பாய்ந்தது. இப்போது இங்கே "நிறுவனங்களை நம்பலாமா" என்று பேசும்போது எனக்கு அதுதான் வருகிறது. அவர்கள் யாரிடம் போவது?

போனார்கள். மலைவாழ் மக்கள் சங்கமும் மார்க்சிஸ்ட் கட்சிக்காரர்களும் கூட நின்றார்கள். முதலில் அப்படி எதுவும் நடக்கவே இல்லை என்றது அரசாங்கம். வழக்கு சி.பி.ஐ.க்குப் போகவே 1995 ஆனது. அடையாள அணிவகுப்பில் வரிசையாக நின்ற அதிகாரிகளைப் பெண்கள் கையை நீட்டிக் காட்டினார்கள். 269 பேர் மேல் குற்றச்சாட்டு. தீர்ப்பு வந்தது 2011 செப்டம்பர் 29, தருமபுரி கோர்ட்டில். அதற்குள் 54 பேர் செத்துப்போயிருந்தார்கள், மிச்சம் இருந்த 215 பேருக்கும் தண்டனை. ஒருவர்கூட விடுதலை இல்லை. அவர்கள் அப்பீலுக்குப் போனார்கள். 2023-இல் ஐகோர்ட் நீதிபதி அந்த ஊருக்கே நேரில் வந்து பார்த்துவிட்டுப் போனார், அதே செப்டம்பர் 29-ஆம் தேதி தண்டனையை உறுதி செய்தார், பாதிக்கப்பட்ட பெண்களுக்கு 10 லட்சம் கொடுக்கச் சொன்னார். 31 வருஷம்.

அந்த அம்மாக்களுக்குப் போலீஸ் மேலோ கோர்ட் மேலோ நம்பிக்கை இருந்ததா என்று நான் சொல்ல முடியாது. இருந்திருக்க வாய்ப்பே இல்லை என்றுதான் தோன்றுகிறது. ஆனாலும் வேலையை விட்டுவிட்டு, பஸ் ஏறி, தங்களுக்கு நடந்ததைத் திரும்பத் திரும்ப ஆம்பிளை வக்கீல்கள் முன்னால் சொன்னார்கள். மதகடி, நீங்கள் ஒரு நாலு எண்ணைத்தான் சொல்லப் போகிறீர்கள். உங்களைக் குறைத்துச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம், எனக்கே ஸ்டேஷன் என்றால் வயிற்றைக் கலக்கும். அந்த அம்மாக்களை நினைத்துக்கொள்ளுங்கள் என்பதற்காகச் சொன்னேன்.

---

கடைவீதி:

நான் மளிகைக்கடை. எங்கள் அப்பா அரசாங்கத்தைச் சுத்தமாக நம்பாத மனுஷன் என்று சொல்லிக்கொள்வார். ஆனால் பணத்தைப் போஸ்ட் ஆபீசில்தான் போடுவார். நெஞ்சு வலி வந்தபோது ஜி.எச்.சுக்குத்தான் போகணும் என்றார். ரேஷன் கடையில் அரைக் கிலோ பருப்பு குறைந்தால் அங்கேயே நின்று தெருவே கேட்கும்படி சத்தம் போடுவார், ஏனென்றால் என்ன வாங்கினோம் என்று போனில் மெசேஜ் வந்துவிடுகிறது, அதைக் காட்டிக் கேட்கிறார். சத்தம் போட்டுவிட்டு அடுத்த மாதமும் அதே கடைக்குத்தான் போகிறார். சண்டை போட முடிகிறது பாருங்கள், அதுதான் எனக்குப் பெரிசாகப் படுகிறது. ஸ்டேஷனில் போய் "என் மனுவுக்கு ரசீது எங்கே" என்று அந்தக் குரலில் கேட்க முடியுமா? அந்தப் பயம் போகாத வரைக்கும் சுவரில் "காவல்துறை உங்கள் நண்பன்" என்று எழுதி ஒன்றும் ஆகாது.

நல்லதையும் சொல்லிவிடுகிறேன். போன வருஷம் என் அக்கவுண்டிலிருந்து ஏமாற்றி 48,000 எடுத்துவிட்டார்கள். தம்பி உடனே சைபர் மோசடிப் புகாருக்கான 1930-க்குப் போன் பண்ணச் சொன்னான். இருபது நிமிஷத்துக்குள் பண்ணிவிட்டேன், ஒரு நம்பர் கொடுத்தார்கள், எதிர் அக்கவுண்டில் 31,000 நின்றுபோனது. அது திரும்பி வர கோர்ட் ஆர்டர், பேங்க் என்று ஐந்து மாதம் ஆனது, ஆனால் வந்தது. அந்த எஸ்.ஐ. இரண்டு தடவை அவராகவே போன் பண்ணி எந்த நிலையில் இருக்கிறது என்று சொன்னார். போலீசிடமிருந்து போன் வந்து நிம்மதியானது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. மீதி 17,000 போனது போனதுதான், இருந்தாலும் அவர் மேல் எனக்குக் குறை இல்லை.

---

வெயிலோன்:

எல்லாவற்றையும் படித்தேன். ஐம்பதாயிரம் கணக்கு எனக்குத் தெரியாது. அக்கா, நான் போக வேண்டாம் என்று சொன்னதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். தனியாக மட்டும் போகாதீர்கள்.

---

மதகடி:

நேற்று போய் வந்தேன். வீட்டுக்கு அவர்களை வரச் சொல்ல உரிமை இருக்கிறது என்று கவுன் ஐயா எழுதியிருந்தார், ஆனால் தெருவில் ஆயிரம் பேச்சு வரும், அதனால் நானே அண்ணியைக் கூட்டிக்கொண்டு காலை பதினொரு மணிக்குப் போனேன். கடிதம் இரண்டு பிரதி. பேப்பரும் நான்கைந்து தாள் பையில் வைத்திருந்தேன், கேட்கவில்லை.

பாராவில் நின்ற காவலர் என்ன விஷயம் என்று கேட்டார். சொன்னதும் நேராக உள்ளே அனுப்பினார். ரைட்டர் மேஜைக்கு எதிரில் இரண்டு நாற்காலி இருந்தது. யாரும் உட்காரச் சொல்லவில்லை. அம்மா நின்ற இரண்டரை மணி நேரம் ஞாபகம் வந்தது, நானாகவே இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ஏட்டையா சொன்ன மாதிரியே எஃப்.ஐ.ஆர். ஏற்கெனவே இருந்தது. ஒரு பெண் எஸ்.ஐ., என்னைவிட வயசு குறைவு, பொறுமையாகக் கேட்டு எழுதினார். "ஏம்மா இத்தனை நாள் வரல" என்று கேட்டபோது நான் 2011 கதையைச் சொல்லிவிட்டேன். அவர் பதில் சொல்லவில்லை, பேனாவை வைத்துவிட்டுக் கொஞ்சம் தண்ணீர் குடிக்கச் சொன்னார். எழுதியதைப் படித்துக் காட்டினார், கையெழுத்துக் கேட்கவில்லை. என் பிரதியில் சீல், தேதி, நேரம் எல்லாம் போட்டுக் கொடுத்தார்கள். மொத்தம் ஒன்றேகால் மணி நேரம்.

வெளியே வந்தபோது சிமெண்ட் பெஞ்சில் ஒரு அம்மா மஞ்சப்பையோடு உட்கார்ந்திருந்தார். வண்டி தெரிந்ததா என்று கேட்க இரண்டு நாளைக்கு ஒரு தடவை வருகிறாராம். காவலர் என்னைக் காட்டி "இவங்கதான் 108-க்குப் போன் பண்ணவங்க" என்றார். அடிபட்டவரை வார்டுக்கு மாற்றிவிட்டார்களாம், கண் திறந்து பார்க்கிறார், ஆனால் இன்னும் பேச்சு வரவில்லை. அந்த அம்மா காரைப் பற்றியோ நம்பரைப் பற்றியோ கேட்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு "அவர் ஏதாச்சும் சொன்னாரா" என்று மட்டும் கேட்டார். வண்டியை ஓரமா விடச் சொன்னார் என்றேன்.

கார் பற்றி இன்னும் தகவல் இல்லை. வந்தால் இங்கேயே எழுதுகிறேன்.